ஏர் போய் இயந்திரம் வந்தது: கமக்காரனுக்கு மிஞ்சியது எவ்வளவு?

தைப்பொங்கல் கழிந்து மூன்றாவது வாரம். கிளிநொச்சிப் பக்கத்தில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வெளியொன்றில், என் பெரியப்பாவின் மூன்று ஏக்கர் வயல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. காலை பத்து மணியளவில், பனி உலர்ந்ததும், அறுவடை இயந்திரம் ஒன்று வரம்பை மிதித்துக்கொண்டு வயலுள் இறங்கிற்று. பகல் ஒரு மணிக்குள் வேலை முடிந்துவிட்டது. கதிரை வெட்டுவதும், மணியைப் பிரிப்பதும், பதரைத் தூற்றுவதும் எல்லாம் அந்த இரும்பு வயிற்றுக்குள்ளேயே நடந்து, நெல் மூடை மூடையாக வெளியே வந்து விழுந்தது. இயந்திரக்காரர் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார். வயலில் எஞ்சி நின்றவர்கள் பெரியப்பாவும், அவருடைய இளைய மகனும், நானும், சில கொக்குகளுமே.

இதே வயலில் அருவி வெட்டு நடந்த நாட்களை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். பத்துப் பேர் வரிசையாகக் குனிந்து நின்று வெட்டினாலும் மூன்று நாள் செல்லும். வெட்டியதை உப்பட்டியாகப் போட்டுக் காயவைத்து, கட்டிச் சுமந்து, மேட்டில் சூடாக அடுக்குவார்கள். பின்னர் நல்ல நாள் பார்த்துச் சூடு மிதிப்பு. மாடுகளை வட்டமாக வளைத்து ஓட்டிய காலம் போய், நாலு சில்லு உழவு இயந்திரத்தைக் கதிரின் மேல் ஏற்றி ஓட்டும் காலம் என் கண்முன்னேதான் வந்தது. காற்று வரும் பக்கம் பார்த்துத் தூற்றி நெல்லை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க ஒரு மாதம் ஆகும். இன்று ஒரு மாதம் மூன்று மணித்தியாலமாகச் சுருங்கிவிட்டது.

பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாற்பது ஆண்டுகளாக வயற் கணக்கைக் கொப்பியில் எழுதி வருகிறார். கோட்டுக் கொப்பி, ஏட்டுக் கொப்பி, பேரப்பிள்ளைகள் பாதி எழுதிவிட்டுப் போட்ட பள்ளிக் கொப்பி என்று பலவகைக் கொப்பிகள் அவருடைய தகரப் பெட்டியில் உள்ளன. அன்று மாலை அவற்றுள் சிலவற்றைப் புரட்டிக் காட்டி அவர் என்னிடம் கேட்டார்:

“தம்பி, நீ படிச்சனி. இதைப் பார்த்துச் சொல்லு. அந்த நாளிலை நெல்லைத்தான் கூலியாய்க் குடுத்தம். இப்ப ஒவ்வொண்டுக்கும் காசு. விளைச்சலும் கூடித்தான் இருக்கு. ஆனா போகம் முடியக் கையிலை மிஞ்சிறது ஏன் கூடேல்லை?”

அக்கேள்விக்கு அன்று என்னால் உடனே விடை கூற முடியவில்லை. வேறொரு காரணத்தாலும் அது அவசரமான கேள்வியாக இருந்தது. இளைய மகன், என் தம்பி முறையானவன், இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்றைத் தவணைக் கடனுக்கு வாங்க நினைத்திருந்தான். முதற்பணத்துக்கு அவன் மனைவியின் தாலிக்கொடி ஒழிந்த மற்ற நகைகளை அடைவு வைப்பதென்று பேச்சு. பெரியப்பா ஒப்பவில்லை. வீட்டில் இரண்டு நாளாக முகங்கள் சரியில்லை.

நம்மவர் எந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையும் ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே சொல்வர். யப்பானில் செய்தது வந்தாலும், சீனாவில் செய்தது வந்தாலும் பெயர் மட்டும் மாறுவதில்லை. உண்மையில் அது இங்கிலாந்தில், நொட்டிங்ஹாம் பகுதியில் இருந்த ஒரு கம்பனியின் வியாபாரப் பெயர். அந்த இயந்திரத்தின் பின்னால் இருந்த மூளையோ நம் தீவைச் சேர்ந்த ஒருவருடையது. 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்ற ரே விஜேவர்தன என்பவரே அவர். ஆகாய விமானம் ஓட்டுவார். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகும் ஓட்டினார். எருமையின் பின்னால் சேற்றில் நடக்கும் சிறு கமக்காரனின் கையில், அவன் வயலுக்குப் பொருந்தும் சிறிய இயந்திரம் ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்பது 1950களில் அவருடைய கனவாக இருந்தது. அக்கனவு பலித்தது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இயந்திரம் விற்பனையாயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒருமுறை அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் தம் இயந்திரத்தைப் பற்றி அவர் பெருமையோடு பேசினார். பேச்சின் முடிவில் அவையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. எருமை செய்த வேலையைத்தானே இந்த இயந்திரம் செய்கிறது, பயிரின் விளைச்சலுக்கு இது என்ன செய்தது என்பது அக்கேள்வியின் பொருள். தம்மிடம் நேர்மையான விடை இல்லை என்பதை விஜேவர்தன உணர்ந்தார். தாம் எருமையை இயந்திரமாக்கினாரேயன்றி வேளாண்மையை முன்னேற்றவில்லை என்பதைப் பிற்காலத்தில் மேடைகளில் தாமே எடுத்துச் சொல்லி வந்தார். தான் படைத்ததையே தராசில் வைத்துப் பார்க்கும் துணிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அதன் பின்னர் அவர் நைஜீரியாவில் இபடான் நகரிலுள்ள அனைத்துலக வெப்பவலய வேளாண்மை நிறுவனத்தில் பணிபுரிந்தார். உழாமலே பயிரிடுவது எப்படி என்பதே அங்கு அவர் ஆராய்ந்த விடயம். நாம் ஏன் உழுகிறோம்? பெரும்பாலும் களையை அடக்குவதற்காக. நெல்வயலில் சேறடித்து நீரைத் தேக்குவதற்காகவும் உழுகிறோம். களையை வேறு வழியில் அடக்க முடியுமானால், மேட்டுப்பயிர்களுக்கு ஆழ உழவு அவசியமில்லை. சில இடங்களில் அது மழையில் மண்ணைக் கரைத்துவிடும் தீமையாகவும் முடியும். கையால் உருட்டிச் செல்ல விதையை மண்ணுள் ஊன்றிக்கொண்டே போகும் எளிய கருவியொன்று அந்நிறுவனத்தில் உருவானது அவர் காலத்தில்தான். இலங்கைக்குத் திரும்பியபின் சீமைக்கிளுவையை வரிசையாக நட்டு, அதன் இலையைப் பசளையாகவும் தடியை எரிபொருளாகவும் கொள்ளும் முறையைப் பரப்பினார். 2010இல் அவர் காலமானார். லாண்ட்மாஸ்டர் என்ற பெயரோ நம் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் விளைச்சலைக் கூட்டியது எது? 1950ஆம் ஆண்டளவில் இலங்கை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏக்கருக்கு 30 புசல் நெல் விளைந்தது. இக்காலத்தில் நல்ல ஆண்டுகளில் 80 புசலுக்கு மேல் காண்கிறோம். இந்த ஏற்றத்திற் பெரும்பங்கு விதையால் வந்தது. 1952இல் பத்தலகொடையில் நெல்லினப் பெருக்க நிலையம் அமைந்தது. 1958இல் அங்கிருந்து எச்-4 என்ற இனம் வெளிவந்தது. 1970இல் பீ.ஜீ. 11-11 வந்தது. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் உயர்ந்து வளர்ந்து, பசளை கூடினால் சாய்ந்துவிடும். பின்னர் வந்த இனங்கள் குட்டையாய் நின்று பசளையைத் தாங்கின. விதை, பசளை, நீர் ஆகிய மூன்றுமே புசலைக் கூட்டின. உழவு இயந்திரமும் அதே ஆண்டுகளில் பரவியதால், அந்தப் புகழில் ஒரு பங்கு அதற்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நீரிறைக்கும் இயந்திரத்தை மட்டும் இந்தக் கணக்கில் தனியே வைக்கவேண்டும். ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் தோட்டப் பயிர் முழுவதும் கிணற்று நீரை நம்பியது. விடியுமுன்னே துலா மிதிக்க ஒருவரோ இருவரோ ஏறி நடப்பர். பட்டை பிடித்து இறைக்க ஒருவர். தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற இன்னொருவர். துலாவால் எத்தனை பரப்பு நனையுமோ அத்தனைக்குத்தான் பயிர். 1950களில் தொடங்கி மண்ணெண்ணெய்ப் பம்பு வீடு வீடாக வந்தது. ஒரே ஆள், இரண்டொரு மணித்தியாலம், முழுத் தோட்டமும் நனைந்துவிடும். பயிரிடும் பரப்பே விரிந்தது. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், பம்பு வைத்திருந்த தோட்டக்காரர் கல்வீடு கட்டினர். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினர். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை சரிந்தது. பம்பு அப்படியே இருந்தது. அது உண்டாக்கிய இலாபம் போயிற்று. விலை கையை விட்டுப் போனபின் எந்த இயந்திரத்தாலும் இலாபத்தை மீட்டுத்தர முடியாது என்பதை அந்தத் தலைமுறை அனுபவத்திலே கற்றது. அதிகமாக இறைத்த இடங்களில் கிணறு உவரானது மற்றொரு நட்டம். குடாநாட்டின் அடியிலே சுண்ணக்கல்லில் நன்னீர் ஒரு மெல்லிய படையாகக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. துலாவுக்கு அதைத் தீர்க்கும் பலம் இருக்கவில்லை. பம்புக்கு உண்டு.

இனி உழவுக்கும் அறுவடைக்கும் வருவோம். இவை விளைச்சலைக் கூட்டாவிடின் கமக்காரன் இவற்றை ஏன் விரும்புகிறான்? அவன் பேதையல்லன். அவனுக்கு அவை தருவது காலம். வறண்ட வலயத்தில் புரட்டாதியிலும் ஐப்பசியிலும் விழும் முதல் மழை காத்திருக்காது. ஒரு சோடி எருது நாளொன்றுக்குக் கால் ஏக்கர், மிஞ்சினால் அரை ஏக்கர் உழும். மூன்று ஏக்கரை இருமுறை உழுது மறுத்து முடிக்குமுன் ஈரம் போய்விடும், அல்லது வெள்ளம் வந்துவிடும். காலம் தப்பிய விதைப்பு அரை விளைச்சல். அறுவடையிலும் அவ்வாறே. முற்றிய கதிரின்மேல் தை மாதத்து எதிர்பாராத மழை இரண்டு நாள் நின்று பெய்தால், நெல் வயலிலேயே முளைகொள்ளும். மூன்று மணித்தியாலத்தில் வெட்டித்தரும் இயந்திரம் அந்த அச்சத்தை விலைக்கு வாங்கிக்கொள்கிறது. இதனை ஒரு காப்புறுதி என்றே கூறலாம். காப்புறுதிக்கு நாம் பணம் கட்டுகிறோம். அதனால் வருமானம் கூடுவதில்லை. பெரியப்பாவின் கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

மற்றப் பாதி கொப்பியில் இருந்தது. பழைய கொப்பிகளில் செலவுப் பக்கம் மிகச் சிறியது. உழவுக்குச் செலவில்லை, மாடு வீட்டில் நின்றது. பசளைக்குச் செலவில்லை, சாணமும் குழையும் இருந்தன. விதைநெல் சென்ற போகத்துச் சாக்கில். களை பிடுங்கப் பெரியம்மாவும் அயலிலுள்ள பெண்களும். இன்று இவர்கள் வயலுக்கு, நாளை அவர்கள் வயலுக்கு. அருவி வெட்டுக் கூலி நெல்லாகவே போயிற்று. விளைந்தால்தான் கூலி, விளையாவிட்டால் எல்லாருக்கும் சேர்ந்து பட்டினி. புதிய கொப்பிகளிலோ செலவுப் பக்கம் இரண்டு தாளுக்கு நீளுகிறது. உழவு, விதைநெல், களைநாசினி, பசளை, அறுவடை, ஏற்றுக்கூலி என ஒவ்வொன்றும் பணம். அதுவும் விளையுமுன்னரே கொடுக்கவேண்டிய பணம். பழைய கமக்காரன் ஒரு போகம் தவறினால் தன் உழைப்பை இழந்தான். இன்றைய கமக்காரன் ஒரு போகம் தவறினால் கடனாளியாகிறான். விளைச்சல் இருமடங்குக்கு மேல் கூடியும் நட்டத்தைப் பற்றிய பயம் குறையாமைக்கு இதுவே காரணம்.

இயந்திரத்தை வாடகைக்குப் பிடிப்பதா, சொந்தமாக வாங்குவதா என்ற வினா இதிலிருந்தே பிறக்கிறது. தம்பியின் வாதமும் இதுதான். “வருசா வருசம் உழவுக்கு ஆருக்கோ குடுக்கிற காசை எங்கடை மெசினுக்குக் குடுத்தால் என்ன?” என்றான். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஆகவே அன்றிரவு விளக்கடியில் மூவரும் இருந்து ஒரு கணக்குப் போட்டோம். பொருளியல் கற்கும் மாணவர்கள் நிலையான செலவு என்றும் மாறும் செலவு என்றும் பாடப் புத்தகத்திலே படித்திருப்பர். அது வயலிலே எப்படி வருகிறது என்பதைக் காண இக்கணக்கு உதவும். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட முழு எண்களே. உங்கள் ஊர் விலையை அவற்றின் இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

இயந்திரத்தின் விலை 6 இலட்சம் ரூபா என்று கொள்வோம். பத்து ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 60,000 ரூபா தேய்மானம். போட்ட பணத்துக்கு வட்டி: பத்தாண்டில் சராசரியாக 3 இலட்சம் முடங்கிக் கிடக்கும், நூற்றுக்கு 15 வீதப்படி 45,000 ரூபா. திருத்தமும் கொட்டிலும் பிறவும் 15,000. ஆக, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 1,20,000 ரூபா. இது நிலையான செலவு. ஓர் ஏக்கரை உழுது முடிக்க டீசலும் ஒயிலும் ஓட்டுபவர் கூலியும் 8,000 ரூபா. இது மாறும் செலவு. அதே ஏக்கரை வாடகை இயந்திரத்தால் உழுவித்தால் 20,000 ரூபா. இப்போது பாருங்கள். பெரியப்பாவின் மூன்று ஏக்கரையும் வாடகைக்கு உழுவித்தால் 60,000 ரூபா. சொந்த இயந்திரத்தால் உழுதால் 1,20,000 உடன் 24,000 சேர்ந்து 1,44,000 ரூபா. ‘எங்கடை மெசின்’ என்ற பெருமைக்கு ஆண்டுக்கு 84,000 ரூபா விலை!

தம்பியின் முகம் வாடிற்று. ஆனால் கணக்கு அத்துடன் நிற்பதில்லை. ஒவ்வோர் ஏக்கரும் வாடகைக்கும் மாறும் செலவுக்கும் இடையே 12,000 ரூபா மிச்சம் தருகிறது. 1,20,000 ரூபாவை 12,000ஆல் பிரித்தால் 10. ஆகவே பத்து ஏக்கர் உழுதால் இயந்திரம் தன் செலவைத் தானே சுமக்கும். பதினோராவது ஏக்கரிலிருந்து இலாபம். சொந்த வயல் மூன்று போக, அயலவரின் ஏழு ஏக்கர் வேண்டும். சிறுபோகத்துக்குக் குளத்து நீர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எவ்வளவு காணிக்கு நீர் என்று தீர்மானிப்பதைப் பொறுத்து அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் காலபோகத்தை மட்டும் வைத்தே கணக்குப் போட்டோம். பெட்டி பூட்டி மண், விறகு, நெல் ஏற்றலாமே என்றான் தம்பி. ஏற்றலாம். அதன் வருவாய் கூடினால் வேண்டிய ஏக்கர் குறையும். நம் ஊர்களில் எத்தனையோ லாண்ட்மாஸ்டர்கள் உழவால் அல்ல, பெட்டியால்தான் பிழைக்கின்றன.

இந்த இடத்தில் இரண்டு அயல்நாடுகளின் அனுபவத்தைச் சொல்லாமல் மேலே செல்லலாகாது. நம்மைப் போலவே சிறு வயல்களும் நெற்சோறும் கொண்ட நாடுகள் அவை.

முதலாவது யப்பான். அங்கும் ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் அளவில்தான் காணி. 1955இல் ஓர் இலட்சத்துக்குக் குறைவாக இருந்த கை உழவு இயந்திரங்கள் 1960களின் பிற்பகுதியில் 30 இலட்சத்தைக் கடந்தன. இரண்டு கமக் குடும்பங்களுக்கு ஒன்றுக்கு மேல். ஆண்டில் சில நாள் மட்டும் ஓடி, மற்ற நாளெல்லாம் கொட்டிலில் உறங்கிய இயந்திரங்கள் அவை. அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நெல்லிலிருந்து மட்டுமன்று. குடும்பத் தலைவர் தொழிற்சாலையிலோ கந்தோரிலோ வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கமம் செய்தார்; சம்பளம் இயந்திரத்தின் கடனைக் கட்டிற்று. யப்பானியர் இதற்கு ஒரு பெயரும் வைத்தனர். இயந்திரமயத்தால் வந்த ஏழ்மை என்பது அதன் பொருள்.

இரண்டாவது வங்காளதேசம். 1988இல் வந்த பெருவெள்ளமும் புயலும் உழவு மாடுகளைப் பெருமளவில் கொன்றன. அதன்பின் அரசாங்கம் உழவு இயந்திர இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. விலை மலிந்த சீன இயந்திரங்கள் வந்திறங்கின. அங்கே வீட்டுக்கு ஓர் இயந்திரம் வாங்க யாருக்கும் வசதியில்லை. ஊரில் ஒருவர் வாங்கினார். ஊர் முழுவதும் அவரிடம் கூலிக்கு உழுவித்தது. இயந்திரம் வைத்திருப்போர் மிகச் சிலர். ஆனால் நாட்டின் உழவு நிலத்தில் மிகப் பெரும் பகுதி இயந்திரத்தால் உழப்படுகிறது. ஏழை நாடு என்று நாம் கூறும் நாடு இவ்விடயத்தில் யப்பானைவிடச் சிக்கனமான வழியைக் கண்டது.

ஆனால் வாடகை முறையிலும் ஒரு முள் உண்டு. மழை எல்லாருக்கும் ஒரே நாளில் பெய்கிறது. யாருடைய வயல் முதலில் உழப்படும்? பத்துப் பேருக்கு ஓர் இயந்திரம் என்றால் பத்தாவது ஆள் பத்து நாள் பிந்துவான். அவன் இழப்பது உழவுக் கூலியன்று, காலம். முன்பு நாம் கண்ட காப்புறுதி அவனுக்கு மட்டும் இல்லாமற் போகிறது. ஆகவே இயந்திரம் வாங்குபவன் உண்மையில் வாங்குவது வரிசையில் முதலிடத்தையே. ஊர்ச் சங்கங்கள் இயந்திரம் வாங்கி அதனாலேயே மனம் முறிந்த கதைகள் இங்கும் உண்டு. சீட்டுக் குலுக்கியோ, வாய்க்கால் முறைப்படி தலைப்பிலிருந்து கடைக்கோடி வரை சென்றோ, அடுத்த ஆண்டு கடைக்கோடியிலிருந்து தொடங்கியோ வரிசையை முன்கூட்டி எழுதிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

அறுவடை இயந்திரத்தின் கணக்கு வேறு. அதனைச் சொந்தமாக வாங்கச் சிறு கமக்காரன் கனவிலும் எண்ணான். வாடகைதான். மணிக்கணக்கில் வாடகை என்றால், கோணல் மாணலான சிறு துண்டு வயலில் இயந்திரம் வெட்டும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் கூடிவிடும். தந்தையின் வயலை மூன்று மக்கள் பிரித்து இடையில் வரம்பு போட்டால், அந்த வரம்பு ஒவ்வோர் ஆண்டும் வாடகை கேட்கும். இதைப் பெரியப்பா அறிந்திருந்தார். தமக்குப் பின் காணியைப் பிரித்து எழுதினாலும் வரம்பை வெட்டவேண்டாம் என்று மக்களிடம் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று, இயந்திரம் வெட்டும் நெல் ஈரநெல். முன்பு உப்பட்டியிலும் சூட்டிலும் இருந்தபடியே கதிர் காய்ந்தது. இப்போது வயலிலிருந்து நேரே மூடைக்கு வரும் நெல்லை இரண்டொரு நாளில் காயவைக்காவிட்டால் புழுங்கிவிடும். வன்னியில் மாசி மாதம் பயணம் செய்வோர் வீதியோரமெங்கும் படங்கு விரித்து நெல் உலர்வதைக் காண்பர். களம் இல்லாதவருக்கு வீதியே களம். அதற்கும் வழியில்லாதவர் வயற்கரையில் நிற்கும் லொறிக்கு ஈரநெல்லாகவே விற்கிறார். ஈரத்துக்கென்று ஒரு கழிவு. எல்லாரும் ஒரே கிழமையில் விற்பதால் விலையிலும் ஒரு சரிவு. கடன்காரர் வாசலில் நிற்கும்போது நல்ல விலைக்குக் காத்திருப்பது யாரால் முடியும்? இயந்திரம் மிச்சம்பிடித்துத் தந்த காலத்தை லொறிக்காரர் இப்படித் திரும்ப வாங்கிக்கொள்கிறார். உழவு இயந்திரத்துக்குக் கடன் கேட்டு அலையும் ஊர்கள், ஒரு சீமெந்துக் களத்தையும் நெற்களஞ்சியத்தையும் கேட்டு அவ்வளவு அலைவதில்லை. என் எண்ணத்தில் ஒரு நல்ல களம் மூன்று லாண்ட்மாஸ்டருக்குச் சமன்.

அருவி வெட்டும் களை பிடுங்கலும் ஊரிற் காணியில்லாத பெண்களுக்கு ஆண்டில் இரண்டு மாத வருவாயாக இருந்தன. அந்த நெல்லை அவர்கள் தம் கையால் அளந்து வீட்டுக்குக் கொண்டுசென்றார்கள். இன்று அவர்களிற் பலர் தைக்கும் ஆலைக்கு வாகனம் ஏறிப் போகிறார்கள். குனிந்து முதுகொடியும் வேலை போனது நல்லதே. அதை எவரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் ஆலைக்குப் போகமுடியாத வயதுப் பெண்களின் வருவாய்க்கு எதுவும் ஈடாக வரவில்லை. பெரியம்மாவின் தோழி ஒருவர் வெட்டு முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்க வந்து நின்றார். இயந்திரம் மிச்சம் வைப்பது குறைவு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இவ்வளவையும் ஒருங்கே சோதித்துக் காட்டியது 2022ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயனப் பசளைக்குத் திடீரென்று தடைவிதித்து, விளைச்சல் வீழ்ந்து, கமக்காரர் நொந்திருந்தனர். அடுத்து நாட்டிலே அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருள் இல்லாமற் போயிற்று. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் முடிவில் 460 ரூபா. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலாக 340 ரூபா. அந்த விலைக்குங்கூட நாட்கணக்கில் வரிசையில் நின்றால்தான். கான்களைக் கயிற்றில் கோத்து எரிபொருள் நிலைய வாசலிலே கட்டிவைத்துவிட்டு, பயிர் வாடுவதை எண்ணியபடி வீதியில் உறங்கியவர்களை நாம் கண்டோம். மாட்டுக்கு வைக்கோல் எந்தக் கப்பலிலும் வரவேண்டியதில்லை. ஆனால் மாட்டை விற்றுப் பல ஆண்டாயிற்றே! நுகமும் கலப்பையும் அடுப்பெரிந்து போயின. உழவு பழகிய எருதை அந்த ஆண்டு தேடினாலும் கிடைத்திராது. கிடைத்தாலும் அதன் பின்னால் நடக்கத் தெரிந்தவர் எழுபது வயதைக் கடந்தவர்.

“மெசின் கண்டு போடாது, தம்பி” என்றார் பெரியப்பா, அந்த ஆண்டை நினைத்து. தம்பி விடவில்லை: “மாடு போட்டுதெண்டு நீங்கள் ஏன் வித்தனீங்கள், அப்பா?” இருவர் சொன்னதும் உண்மை. மாடு மேய்ந்த தரவைகள் இன்று இல்லை. மேய்க்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும்.

கணக்கு எழுதிய தாளைப் பெரியப்பா கொப்பிக்குள் வைத்தார். நகையை அடைவு வைப்பதில்லை என்பது வரையில் இணக்கம் வந்தது. ஏழு ஏக்கருக்கு வயற்காரர்களின் வாக்கும், உழவின் வரிசை எப்படி என்பதும் எழுத்திலே வந்தால், ஓடிப் பழகிய பழைய இயந்திரம் ஒன்றை அரை விலைக்குப் பார்ப்பதற்குத் தாமே பணம் தருவதாகப் பெரியப்பா கூறினார். அரை விலையானால் தேய்மானமும் வட்டியும் குறையும், திருத்தச் செலவு கூடும். அதற்கும் ஒரு கணக்குப் போட்டு அனுப்பும்படி என்னிடம் சொன்னார். தம்பி மறுநாட் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியே புறப்பட்டான்.

சென்ற கிழமை அவனிடமிருந்து செய்தி வந்தது. நாலரை ஏக்கருக்கு வாக்குக் கிடைத்திருக்கிறதாம். வாய்க்காலின் கடைக்கோடியில் இரண்டு பேர், தங்கள் வயலை முதலில் உழுவதானால் மிகுதியையும் தருவோம் என்கிறார்களாம்.